ஓடாத, சத்தம் போடாத: கிளப் வாசலில் நிற்கிற பிள்ளைகள்

சொந்தக்காரர் ஒருவரின் கல்யாணச் சாப்பாடு நிலாவெளி வீதியில் இருக்கிற ஒரு ஹோட்டலில் நடந்தது. சாப்பிட்டு முடிந்து பெரியவர்கள் கதைத்துக்கொண்டிருந்த நேரம், அக்காவின் மகன் நீச்சல் குளப் பக்கம் ஓடினான். அவனுக்கு ஆறு வயது. குளத்தில் இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் தண்ணியை அடித்து, கத்தி, விளையாடிக்கொண்டிருந்தார்கள். இவனும் கரையில் நின்று அவர்களோடு சேர்ந்து கத்தினான். அக்கா ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஓடாத, சத்தம் போடாத. வெள்ளைக்காரர் பார்க்கினம். எங்கட ஆக்களுக்குப் பழக்கம் தெரியாது எண்டு நினைப்பினம்."

அவன் திருப்பிக் கேட்டான்: "அவங்களும் கத்துறாங்கதானே?"

அக்காவிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. காசு கட்டித்தான் அந்த மண்டபத்தை எடுத்திருந்தோம். கடலும் எங்கட ஊர்க் கடல். அப்படியிருந்தும் எங்களுடைய பிள்ளை அங்கே விருந்தாளியின் விருந்தாளி மாதிரி நடக்க வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டேயிருக்கிறது. அந்தக் குரல் எங்கே இருந்து வந்தது என்று தேடிப் பார்த்ததுதான் இந்தக் கட்டுரை. தேடப் போனால் துறைமுகத்துக்குள் போக வேண்டியிருந்தது. பிறகு எங்கட வீட்டுக் கொல்லைப்புறத்துக்கும் வர வேண்டியிருந்தது.

ஆண்களின் வீடு

கிளப் என்கிற சாமானை எங்கட பக்கத்துக்குக் கொண்டுவந்தது பிரித்தானியர். மெட்ராஸ் கிளப் 1832இல் தொடங்கியது. கொழும்பு கிளப் 1871இல் காலிமுகத்திடலில் வந்தது. தோட்டத்துரைமாருக்காக நுவரெலியாவில் ஹில் கிளப் 1876இல் வந்தது. இன்றைக்கும் ஹில் கிளப்பில் இரவுச் சாப்பாட்டுக்குப் போகிற ஆண் கோட்டும் டையும் போட வேண்டும். கொண்டு வராதவருக்கு அங்கேயே இரவல் கொடுப்பார்கள்.

இந்தக் கிளப்கள் முதலில் ஆண்களுக்கு மட்டுமான இடங்கள். லண்டனில் இருந்த கிளப்களின் பிரதி. பகல் முழுக்க "நேட்டிவ்" மனிதர்களை ஆண்டுவிட்டு, பின்னேரம் தங்களுக்குள் மட்டும் இருப்பதற்கான வீடு. லெனார்ட் வூல்ஃப் 1905இல் யாழ்ப்பாணத்துக்கு இளம் சிவில் அதிகாரியாக வந்தார். கோட்டைக்குள் பின்னேரம் டென்னிஸ் ஆடிவிட்டு, ஊரிலிருந்த ஒரு கைப்பிடி வெள்ளைக்காரர்கள் கதிரைகளைப் போட்டு வட்டமாக உட்கார்ந்து குடிப்பதைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். வட்டத்துக்கு வெளியே இருந்த ஊர் அவர்களுக்கு வேலை நேரத்து விஷயம்.

பெண்கள் இந்தக் கிளப்களுக்குள் மெதுமெதுவாகத்தான் வந்தார்கள். அவர்களுக்கென்று ஒதுக்கிய அறைக்கு இந்தியக் கிளப்களில் "கோழிக்கூடு" என்று அர்த்தம் வருகிற இந்துஸ்தானிப் பட்டப்பெயர் இருந்தது. பிள்ளைகள் அதற்கும் பிறகு. அமெரிக்காவில் கதை கொஞ்சம் வேறு. 1882இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து புரூக்லைனில் தொடங்கிய கிளப்புக்குப் பெயரே "தி கன்ட்ரி கிளப்". நகரத்துக்கு வெளியே, குதிரை, புல்வெளி, குடும்பம் என்று அந்த மாதிரி அங்கே பரவியது. அங்கேயும் உறுப்பினர் பட்டியலில் யார் இருக்கலாம் என்பதில் நிறமும் மதமும் நீண்ட காலம் முடிவு செய்தன. குடும்பம் உள்ளே வந்தவுடன் பிள்ளைகளுக்கான விதிகளும் வந்தன: எந்த மணிக்குள் வரலாம், எந்த அறைக்குள் போகக் கூடாது, என்ன உடுப்பு.

இந்த விதிகளுக்கெல்லாம் அடியில் ஒரு பழைய ஆங்கிலப் பழமொழி இருக்கிறது. பிள்ளைகள் கண்ணில் படலாம், காதில் விழக் கூடாது. இதன் மிகப் பழைய எழுத்து வடிவம் பதினைந்தாம் நூற்றாண்டில் ஜோன் மெர்க் என்கிற பாதிரியாரின் பிரசங்கத் தொகுப்பில் வருகிறது. அங்கே அது பிள்ளைகள் எல்லாரையும் பற்றியது இல்லை, இளம் பெண்களைப் பற்றியது. பிறகுதான் பிள்ளைகள் மேல் வந்து உட்கார்ந்தது. ஒருவரை வாய் மூடச் சொல்வதற்கு வயது ஒரு காரணம்தான். வேறு காரணங்களுக்கும் அதே வசனம் பொருந்தும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

மதிலுக்குள் ஒரு ஊர்

இப்போ திருகோணமலைக்கு வருவோம். 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் இந்த ஊரைப் பிடித்தார்கள். காரணம் துறைமுகம். உலகத்தின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. வங்காள விரிகுடாவில் எந்தப் பருவக்காற்றிலும் கப்பல் ஒதுங்கக் கூடிய இடம். அவர்கள் டொக்யார்ட் கட்டினார்கள், அட்மிரலுக்கு மாளிகை கட்டினார்கள். 1920களில் தொடங்கி சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளைக் கட்டினார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டதும் இவற்றுக்காகத்தான். போர்க்காலத்தில் கடற்படையின் கரைத் தளத்துக்கு ஒரு கப்பலின் பெயரே இருந்தது: எச்.எம்.எஸ். ஹைஃபிளையர். நிலத்தில் நின்ற தளம், ஆனால் காகிதத்தில் கப்பல்.

கப்பல் என்றால் கப்பல் ஒழுங்கு. கடற்படையில் அதிகாரிகளுக்கு ஒரு சாப்பாட்டு மண்டபம், கீழ்நிலை மாலுமிகளுக்கு இன்னொன்று. ஒருவர் மற்றவரின் இடத்துக்குள் அழைப்பில்லாமல் போக முடியாது. நுவரெலியாவில் வெள்ளைக்காரன் என்றால் போதும். துறைமுகத்தில் வெள்ளைக்காரனுக்குள்ளேயே படிக்கட்டு இருந்தது. அதிகாரியின் பிள்ளை எங்கே விளையாடலாம், மாலுமியின் பிள்ளை எங்கே விளையாடலாம் என்பதும் அந்தப் படிக்கட்டின்படிதான். அந்தப் படிக்கட்டுக்கு வெளியே, மதிலுக்கு இந்தப் பக்கம், டொக்யார்ட்டில் வேலை செய்த ஊர் மனிதர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். காலையில் வாசலால் உள்ளே போய்ப் பின்னேரம் அதே வாசலால் வெளியே வருகிற தகப்பன்மார். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அந்த மதில்தான் ஊரின் எல்லை.

வெள்ளைக்காரப் பிள்ளைகளும் இந்த ஊரில் அதிக காலம் இருக்கவில்லை. பேரரசு முழுக்க ஒரு வழக்கம் இருந்தது: ஐந்து, ஆறு, ஏழு வயதில் பிள்ளையை இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவது. காய்ச்சலுக்குப் பயம் ஒன்று. இன்னொரு பயம் பழக்கவழக்கம். இங்கே வளர்ந்தால் பிள்ளை இந்த மண்ணின் பாஷையையும் நடையையும் எடுத்துவிடும் என்பது.

இதற்கு எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் ரட்யார்ட் கிப்ளிங். 1865இல் பம்பாயில் பிறந்தவர். ஆயாவோடும் வேலைக்காரரோடும் வளர்ந்தவர். பகலில் அவர்கள் சொல்லும் கதையும் பாட்டும் அவர்களுடைய பாஷையில். பின்னேரம் உடுப்பு மாற்றிச் சாப்பாட்டு அறைக்குள் அனுப்பும்போது, இப்போ அப்பா அம்மாவோடு ஆங்கிலத்தில் கதைக்க வேண்டும் என்று அவர்களே எச்சரித்து அனுப்புவார்களாம். முதுமையில் எழுதிய சுயசரிதையில் சொல்கிறார். 1871இல், ஆறு வயது முடிவதற்குள், மூன்று வயதுத் தங்கையோடு அவரை இங்கிலாந்தில் சவுத்சீயில் காசு வாங்கிப் பிள்ளை பார்க்கிற ஒரு வீட்டில் விட்டுவிட்டார்கள். தகப்பனும் தாயும் சொல்லாமலே திரும்பிப் போனார்கள். அந்த வீட்டில் பட்ட அடியையும் அவமானத்தையும் அவர் சாகும் வரை மறக்கவில்லை. சவுத்சீ என்பது போர்ட்ஸ்மத் துறைமுகத்தின் ஒரு பகுதி. எங்கட துறைமுகத்துக்கு வந்த கடற்படையின் தாய்த் துறைமுகங்களில் ஒன்று.

அதனால் கிளப் வாசலில் நின்ற வெள்ளைக்காரப் பிள்ளையைப் பற்றியும் ஒரு வரி இரக்கப்படலாம். நல்ல பழக்கம் என்ற பெயரில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளை அது. ஆனால் என் கண் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கிறவள் மேல் போகிறது.

ஆயாவும் "போய்"யும்

ஆயா என்கிற சொல் போர்த்துக்கீசியிலிருந்து வந்தது. அங்கே "ஐயா" என்றால் பிள்ளை வளர்க்கிறவள். கதிரை, மேசை, சப்பாத்து, லேஞ்சி மாதிரி அதுவும் கப்பலில் வந்து இறங்கிய சொல். வெள்ளைக்காரப் பிள்ளைக்குப் பழக்கம் பழக்கியவள் அவள்தான். கை கழுவவும், சப்பாத்தைக் கழற்றவும், துரைசாணி கூப்பிட்டால் ஓடவும், பெரியவர்கள் கதைக்கும்போது குறுக்கே விழாமல் இருக்கவும் அவளே சொல்லிக் கொடுத்தாள். ஆனால் பிள்ளையைக் கிளப் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால் அவள் உட்காரக் கதிரை இல்லை. புல்லில் இருக்கலாம், அல்லது நிற்கலாம். பிள்ளைக்கு மேசை நாகரிகம் பழக்குகிறவள் அந்த மேசையில் இருந்ததே இல்லை.

உள்ளே பரிமாறுகிறவர்கள் ஆண்கள். அவர்களைக் கூப்பிட ஒரே ஒரு சொல்: "போய்!" ஆங்கிலத்தில் சிறுவன். ஆள் இருபதோ அறுபதோ, பேரப்பிள்ளை கண்டவரோ, சொல் மாறாது. ஆங்கிலோ இந்தியச் சொற்களைத் தொகுத்து யூலும் பர்னலும் 1886இல் வெளியிட்ட "ஹாப்சன் ஜாப்சன்" அகராதி இதற்குத் தனிப் பதிவே வைத்திருக்கிறது. தென்னிந்தியாவிலும் சீனாவிலும் வேலைக்காரனை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்கிறது. பல்லக்குத் தூக்குகிற போயி மக்களின் பெயரும் இதோடு கலந்துபோனது என்று காட்டுகிறது. ஒரு சமூகத்தின் பெயரும் "சிறுவன்" என்கிற ஆங்கிலச் சொல்லும் காதில் ஒரே மாதிரி விழுந்ததில் துரைமாருக்கு வசதி.

இலங்கையில் இன்னொரு கூத்து நடந்தது. எங்கட "பொடியன்" என்கிற சொல்லே இலங்கை ஆங்கிலத்துக்குள் போனது. அங்கே அதற்கு அர்த்தம் வீட்டு வேலைக்கு நிற்கிற சிறுவன். நாங்கள் ஆசையாகக் கூப்பிடுகிற சொல் பங்களாக் குசினியில் உத்தியோகப் பெயராகிவிட்டது.

இப்போ கிளப்பில் பிள்ளைக்குச் சொன்ன விதிகளை வரிசையாக வையுங்கள். கூப்பிட்டால் வா. கேட்டால் பேசு. பெரியவர்கள் இருக்கும்போது உட்காராதே. முன் வாசலால் ஓடி வராதே. சத்தம் போடாதே. இதே வரிசை பரிமாறுகிறவருக்கும் பொருந்துகிறது, ஒரு எழுத்தும் மாற்றத் தேவையில்லை. ஜோன் மெர்க்கின் வசனம் இங்கேதான் திரும்ப வருகிறது. வித்தியாசம் ஒன்றுதான். வெள்ளைக்காரச் சிறுவனுக்கு இந்த விதிகள் ஒரு நாள் முடியும். வளர்ந்து, உத்தியோகம் எடுத்து, உறுப்பினராகி, அதே கதிரையில் உட்கார்ந்து அவனே "போய்!" என்று கூப்பிடுவான். பரிமாறுகிறவருக்கு விதி முடிவதில்லை. அவர் ஓய்வு பெறுகிற நாளிலும் "போய்"தான்.

கிளப்பில் பிள்ளைகளுக்குப் பழக்கிய நாகரிகத்தின் உள்ளடக்கம் இது என்று நினைக்கிறேன். கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது என்பது மேல்பூச்சு. யாரை எப்படிக் கூப்பிடலாம், யார் தன்னைக் கூப்பிட்டால் ஓட வேண்டும் என்பதைத்தான் அந்தப் பிள்ளை உண்மையாகப் படித்தது. ஆறு வயதில் அது "போய்!" என்று கூப்பிட, ஐம்பது வயது மனிதர் தட்டோடு வந்து நிற்பார். யாரும் பிள்ளையைக் கண்டிக்க மாட்டார்கள், ஏனென்றால் அதுதான் சரியான பழக்கம்.

எங்கட கிளப்களும் எங்கட கொல்லைப்புறமும்

இவ்வளவும் எழுதிவிட்டு வெள்ளைக்காரன் மேல் பழியைப் போட்டு முடித்தால் எனக்கும் நல்லது, வாசிக்கிற உங்களுக்கும் நல்லது. ஆனால் அது பொய்.

வெளியே நிறுத்தப்பட்ட மேட்டுக்குடி என்ன செய்தது? தானும் கிளப் கட்டியது. கொழும்பில் 1894இல் ஓரியன்ட் கிளப். 1899இல் தமிழ் யூனியன், அதே ஆண்டில் சிங்களவருக்கு எஸ்.எஸ்.சி. சோனகருக்கு ஒன்று, பறங்கியருக்கு ஒன்று. கிரிக்கெட்டுக்கு இவை செய்த நன்மையை மறுக்க முடியாது. சதாசிவம் மட்டையைப் பிடித்ததும் முரளி பந்தைச் சுழற்றியதும் தமிழ் யூனியனுக்காகத்தான். ஆனால் யாரும் மதிலை உடைக்கவில்லை. ஆளாளுக்குத் தனி மதில் கட்டினார்கள். வெள்ளைக்காரருக்கென 1938இல் தொடங்கிய கொழும்பு நீச்சல் கிளப் சுதந்திரத்துக்குப் பிறகும் பல வருடம் உள்ளூர்க்காரரைச் சேர்க்கவில்லை. அதைக் கேட்டால் கோபம் வருகிறது. வரத்தான் வேண்டும்.

அந்தக் கோபத்தை அப்படியே எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு வாருங்கள். 1929இல் உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் உட்கார வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதுவரைக்கும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்தில் இருந்தார்கள், அல்லது வகுப்புக்கு வெளியே நின்று கேட்டார்கள். உத்தரவுக்கு எதிராகச் சைவ மேட்டுக்குடி மனுப் போட்டது. பாடசாலைகள் எரிக்கப்பட்டன. வாங்கில் ஒரு பிள்ளை உட்காருவதைத் தடுக்கப் பள்ளிக்கூடத்தையே எரித்தவர்கள் நாங்கள். 1968இலும் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்களை உள்ளே விடாமல் ஆட்கள் நின்றார்கள். நுழைவதற்கு உறுப்புரிமை கேட்கிற இடம் கிளப் என்றால், எங்களிடம் துரைமார் வருவதற்கு எவ்வளவோ முதல் அது இருந்தது.

"போய்!" என்பதற்கும் எங்களிடம் சொல் இருந்தது. நிலம் வைத்திருந்த வீட்டுப் பிள்ளை, வயலில் வேலை செய்கிற முதியவரை "நீ" என்றும் "டேய்" என்றும் கூப்பிடும். அவர் அந்தப் பிள்ளையை "தம்பி ஐயா" என்பார். அவருக்குத் தேத்தண்ணி கொல்லைப்புறத்தில், வேறு கோப்பையில், சிரட்டையிலும்கூட. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பெரியவர்களுக்கு மரியாதை கொடு என்று தினமும் சொல்லிக் கொடுத்த வீடுகள்தான் அவை. எந்தப் பெரியவர் என்பது மட்டும் சொல்லாமலே விளங்கும்.

இதே காலத்தில் வேறு மாதிரி யோசித்தவர்களும் எங்களிடம் இருந்தார்கள். 1925இல் இராமகிருஷ்ண மிஷன் திருகோணமலை இந்துப் பாடசாலையைப் பொறுப்பேற்ற காலத்தில் அதை நடத்தியவர் சுவாமி விபுலாநந்தர். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தபோது பக்கத்துச் சேரிப் பிள்ளைகளிடம் போய் உட்கார்ந்து பாடம் சொல்லிக் கொடுத்தார். பேராசிரியர் எங்கே உட்கார வேண்டும் என்பதற்கு அந்த நாளில் இருந்த எழுதாத விதியை அவர் மீறினார். மரியாதை என்றால் எனக்கு அந்த மீறல்தான் முதலில் ஞாபகம் வருகிறது.

வாசல் மாறவில்லை, காவல் மாறியது

1957 ஒக்டோபர் 15ஆம் திகதி பிரித்தானியர் திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தார்கள். பண்டாரநாயக்காவின் பெரிய வெற்றிகளில் ஒன்று. டொக்யார்ட் இலங்கைக் கடற்படையிடம் போனது. சீனக்குடா விமானத்தளம் விமானப்படையிடம் போனது. மதில் அப்படியே நின்றது. எங்கட தாத்தாமார் வெளியே நின்று பார்த்த இடத்திலேயே அப்பாமாரும் நின்று பார்த்தார்கள்.

பிறகு போர் வந்தது. ஊரே வாசல்களாக மாறியது. கோணேசர் கோயிலுக்குப் போவதென்றால் பிரெட்ரிக் கோட்டை வாசலால், படைமுகாம் ஊடாகத்தான் போக வேண்டும். சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. அந்த நாட்களில் தாய்மார் பிள்ளைகளுக்குப் பழக்கிய பழக்கத்தை நினைத்துப் பாருங்கள். கையைப் பொக்கற்றில் வைக்காத. ஓடாத. சிரிக்காத. ஆமி கேட்டா மட்டும் கதை. அடையாள அட்டையை வெளியில எடுத்து வை. துரைமாரின் கிளப் விதிகளை யாரோ சிங்களத்திலும் தமிழிலும் திரும்ப எழுதின மாதிரி இருக்கிறது. "பொடியன்" என்கிற சொல்லுக்கும் அப்போது இன்னொரு சுமை ஏறியது. இயக்கக்காரரை ஊர் "பெடியள்" என்றது. அதனால் படைக்காரரின் கண்ணில் எந்தப் பெடியனும் அந்தப் பெடியன்தான்.

2006 ஜனவரி 2ஆம் திகதி பின்னேரம், காந்தி சிலைக்குப் பக்கத்தில் கடற்கரையில் இருந்து கதைத்துக்கொண்டிருந்த ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் செய்தது எல்லா ஊர்ப் பெடியளும் பின்னேரத்தில் செய்கிற வேலை. குற்றம் சாட்டப்பட்ட 13 விசேட அதிரடிப் படையினரை, சாட்சியம் போதாது என்று 2019இல் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. அந்தக் கடற்கரையால் போகும்போதெல்லாம் எங்கட தாய்மாரின் குரல் ஏன் அவ்வளவு கடுமையானது என்று எனக்கு விளங்குகிறது. ஹில் கிளப்பில் டை இல்லாவிட்டால் இரவல் டை கிடைக்கும். இங்கே ஒரு பிள்ளை "சரியாக" நடந்தும் வீடு திரும்பாமல் போன நாட்கள் இருந்தன.

ஆகவே அக்காவின் குரலுக்குள் மூன்று குரல் இருக்கிறது. ஒன்று துரைசாணி ஆயாவுக்குச் சொன்னது. ஒன்று நிலக்காரர் கொல்லைப்புறத்தைப் பார்த்துச் சொன்னது. ஒன்று சாவடியில் பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அம்மா சொன்னது. முதல் இரண்டும் அடக்குவதற்கு. மூன்றாவது உயிரைக் காப்பாற்றுவதற்கு. பிள்ளையின் காதில் மூன்றும் ஒரே மாதிரித்தான் விழுகிறது.

எதை வைத்துக்கொள்வது

இன்றைக்கு மார்பிள் கடற்கரையில் விமானப்படை விடுதி நடத்துகிறது. சோபர் தீவில் கடற்படை விடுதி நடத்துகிறது. சீனக்குடாவில் விமானப்படையின் கோல்ப் மைதானம் இருக்கிறது. காசு கட்டினால் மார்பிள் கடலில் நாங்களும் குளிக்கலாம். நல்ல கடல், போயிருக்கிறேன். ஆனால் டிக்கெட் வாங்கி உள்ளே போவதற்கும், இது என்ர இடம் என்று உள்ளே போவதற்கும் உடம்பில் வித்தியாசம் தெரியும். பிள்ளைகளுக்கு அது எங்களைவிட வேகமாக விளங்கும்.

கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தக் கதை முடியவில்லை. 2014 ஜூலையில் சென்னையில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கக் கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டுக்கு வேட்டியோடு போன உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. அதே ஆண்டில் சட்டசபை சட்டம் போட்டு, வேட்டிக்கு எதிரான தடையைக் குற்றமாக்கியது. நீதிபதிக்கே ஒரு சட்டம் தேவைப்பட்டது. ஆனால் அந்தச் சட்டம் வேட்டிக்குத்தான். அதே கிளப்களில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற வேலைக்காரப் பெண் எங்கே உட்காரலாம் என்று அது எதுவும் சொல்லவில்லை.

பிள்ளைகளுக்குப் பழக்கமே சொல்லிக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வரிசையில் நிற்க வேணும். சாப்பிட்ட கோப்பையை எடுத்து வைக்க வேணும். மற்றவர் கதைத்து முடிக்கும் வரை பொறுக்க வேணும். இவை யார் வீட்டிலும் தேவை. ஒரு பழக்கத்தைப் பிள்ளைக்குச் சொல்லும்போது நான் இப்போ என்னையே கேட்கிற கேள்வி ஒன்று: இதை நான் இங்கே இருக்கிற எல்லாரிடமும் எதிர்பார்க்கிறேனா, அல்லது என் பிள்ளையிடம் மட்டுமா? குளத்தில் கத்துகிற அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் பொருந்தாத விதி, கரையில் நிற்கிறவனுக்கு ஏன்?

இரண்டாவது கேள்வி, பிள்ளை பரிமாறுகிறவரை எப்படிக் கூப்பிடுகிறது? அன்றைக்கு நடந்த இன்னொரு விஷயத்தை நான் இன்னும் சொல்லவில்லை. அழுகை அடங்கினதும் மருமகன் மேசைக்கு வந்தான். தண்ணி கொண்டுவந்த பெடியனைப் பார்த்து, "அண்ணா, எனக்கும் கொஞ்சம் தாங்கோ" என்றான். அந்தப் பெடியன் ஊற்றிக் கொடுத்துவிட்டு அவனுடைய பெயரைக் கேட்டான். தன் ஊர் மூதூர் என்று சொன்னான். சின்ன மீன் பிடிக்கிறதைப் பற்றி இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கதைத்தார்கள். நூறு வருடமாகக் கிளப்களில் எந்தப் பிள்ளைக்கும் பழக்காத பழக்கம் அது. அக்காதான் பழக்கியிருக்கிறாள், ஆனால் அன்றைக்கு அவள் அதைக் கவனிக்கவே இல்லை. அவள் கண் குளத்துப் பக்கமே இருந்தது.

அவனுடைய கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையை அவன் வாசிக்க இன்னும் பத்து வருடமாவது ஆகும், அதனால் அடுத்த முறை நேரிலேயே சொல்லிவிடுவேன். ஓம் மருமகன், அவங்களும் கத்துறாங்கதான். நீயும் கத்து. குளத்துக் கரையில மட்டும் ஓடாத, வழுக்கும்.